படத்துக்குப் பணம் வாங்கிவிட்டால் உரிமையும் போய்விடுமா?

வாசகியின் கடிதம்

மதுரையிலிருந்து ஓவியர் ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு வரைந்துகொண்டிருந்தவர், குழந்தை பிறந்த பிறகு ஊர் திரும்பி, 2020 முதல் தனித்து இயங்கும் ஓவியராகச் சிறுவர் நூல்களுக்கு வரைந்து வருகிறார். மகன் பள்ளிக்குப் போய்த் திரும்பும் வரையிலான பகல் நேரமும், வீடு அடங்கிய பிறகு கிடைக்கும் இரவும்தான் அவருக்கு வேலை நேரம். 2023-இல் ஒரு சிறிய பதிப்பகம் 32 பக்கப் படக்கதை ஒன்றுக்கு வரைந்து தரக் கேட்டது. ‘தமிழ்ப் பதிப்பு, 3,000 பிரதிகள், ஓவியங்களுக்கு 45,000 ரூபாய்’ என்று மின்னஞ்சலில் முடிவானது. கையெழுத்திட்ட ஒப்பந்தம் எதுவும் இல்லை. திருத்தங்கள் வாட்ஸ்அப்பில், பெரும்பாலும் இரவு பதினொரு மணிக்கு மேல் வந்தன. பாதித் தொகை முன்பணமாகவும், மீதி புத்தகம் வெளிவந்து ஏழு மாதம் கழித்தும் கிடைத்தது.

கதையில் இரண்டு முக்கியப் பாத்திரங்கள். ஒருத்தி, நல்ல கறுப்பு நிறமுள்ள சிறுமி. அந்தக் கதைக்காகவே உருவானவள். மற்றொன்று, தோளில் துணிப்பை மாட்டிய ஓர் அணில். அது 2021 முதலே வாசகியின் ஸ்கெட்ச் நோட்டிலும் இன்ஸ்டாகிராம் பக்கத்திலும் இருந்தது. பதிப்பாளருக்குப் பிடித்துப்போனதால் கதைக்குள் வந்து சேர்ந்தது. அட்டையும் இரட்டைப் பக்கப் படங்களும் நீர்வண்ணத்தில் தீட்டப்பட்டவை. மற்றவை பேனாவால் வரைந்த கோட்டுச் சித்திரங்கள். ஸ்கேன் செய்வதற்காகக் கொடுத்த மூல ஓவியங்கள் இன்னும் திரும்பி வரவில்லை.

2025-இல் வந்த மறு அச்சில் வாசகியின் பெயர் இல்லை. அட்டையில் இருந்த சிறுமியின் நிறம் வெளிறிய பழுப்பாக மாற்றப்பட்டிருந்தது. அதே ஆண்டில் இந்திப் பதிப்பும் மின்னூலும் வந்தன. பிறகு ஒரு கடையில் அந்த அணில் பள்ளிப் பைகளிலும் தண்ணீர் பாட்டில்களிலும் அச்சாகியிருப்பதைக் கண்டிருக்கிறார். கேட்டபோது, “பேசிய பணத்தைக் கொடுத்துவிட்டோமே” என்பதுதான் பதில். இப்போது அதே பதிப்பகம் இன்னும் இரண்டு நூல்களுக்கு வரையக் கேட்டு, அச்சிட்ட ஒப்பந்தம் ஒன்றை அனுப்பியிருக்கிறது. தயங்கினால், செயற்கை நுண்ணறிவுச் செயலியில் “உங்கள் பாணியிலேயே” படங்களை உருவாக்கிக்கொள்வோம் என்று அங்குள்ள ஓர் ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.

வாசகிக்கு ஓவியம் கற்றுத் தந்த முதியவர், ஒரு வார இதழில் நெடுங்காலம் வரைந்தவர், “வரைந்து கொடுத்துக் காசு வாங்கியாச்சுன்னா அதோட முடிஞ்சுதும்மா” என்கிறார். கணவர், கோர்ட்டுக்குப் போனால் பத்து வருடம் ஆகும், விட்டுவிடு என்கிறார். தோழிகள் இன்ஸ்டாகிராமில் எழுதி அம்பலப்படுத்தச் சொல்கிறார்கள். பதிப்புரிமையைப் பதிவு செய்யாததால் தனக்கு உரிமையே இல்லையோ என்பது வாசகியின் அச்சம். தன் படங்களைப் பதிவுத் தபாலில் தனக்கே அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பது மட்டுமே கையில் உள்ள சான்று என்று எழுதியிருக்கிறார். புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாமா, பழைய நூல் விஷயத்தில் ஏதாவது செய்ய முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

என் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

மற்றதையெல்லாம் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இணைத்து அனுப்பியிருக்கும் ஒப்பந்தத்தில் இப்போதைக்குக் கையெழுத்திட வேண்டாம். அதன் ஒன்பதாவது பத்தியை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ‘இதற்கு முன் ஓவியர் பதிப்பகத்துக்கு வழங்கிய அனைத்து ஓவியங்களுக்கும், பாத்திரங்களுக்கும் இவ்வொப்பந்தம் பொருந்தும்’ என்கிறது அந்தப் பத்தி. அடுத்த இரண்டு நூல்களுக்கான ஒப்பந்தம் என்று நினைத்து நீங்கள் இடும் கையெழுத்து, அணிலையும் சேர்த்து அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிடும். இன்று உங்களுக்கு இருக்கும் வலுவான நிலை அதனால் பெரும்பாலும் கரைந்துபோகும்.

பணம் வாங்கியது வேறு, உரிமையை எழுதிக் கொடுத்தது வேறு

உங்கள் ஆசிரியர் சொன்னதை நான் மதிக்கிறேன். அவர் வாழ்ந்த தொழிற்சூழலில் அதுதான் நடைமுறையாக இருந்தது. ஆனால் அவருடைய காலத்திலும் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவரே என்ற பொது விதியுடன் தொடங்குகிறது. பிறகு சில விதிவிலக்குகளை அடுக்குகிறது. பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஓவியர் அந்தப் பத்திரிகையில் வெளியிடுவதற்காக வரைந்தால், மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, பத்திரிகையில் வெளியிடும் உரிமை மட்டும் பத்திரிகை உரிமையாளருக்குச் சேரும். மற்ற எல்லா வகையிலும் ஓவியரே முதல் உரிமையாளர் என்றுதான் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தலைமுறையின் எத்தனையோ ஓவியர்கள் தங்கள் கையில் இருந்த உரிமையை அறியாமலேயே இருந்துவிட்டார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

நீங்கள் சம்பளக்காரர் அல்ல. உங்களிடமிருந்து உரிமை இன்னொருவருக்கு மாற வேண்டுமானால், 19-ஆம் பிரிவின்படி அந்த மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், அதில் உங்கள் கையெழுத்து இருக்க வேண்டும், எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்தப் பகுதிக்கு என்பதெல்லாம் குறிப்பிடப்பட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், பகுதி குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே வரையறுத்துவிடுகிறது. அப்படி ஓர் ஆவணத்தில் நீங்கள் கையெழுத்திடவில்லை. வீட்டை வாடகைக்கு விட்டு முன்பணம் வாங்கியவர் வீட்டை விற்றுவிட்டதாக யாரும் சொல்வதில்லை. 45,000 ரூபாயைப் பெற்றுக்கொண்டதும், ஒரு தமிழ்ப் பதிப்பில் அந்தப் படங்களை அச்சிட நீங்கள் தந்த அனுமதிக்கான கட்டணம் என்றே வாதிட இடமிருக்கிறது.

‘வாதிட இடமிருக்கிறது’ என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் பக்கத்தில் ஒரு பலவீனமும் இருக்கிறது. அதை மறைத்து நம்பிக்கை மட்டும் தருவது சரியாகாது.

அணிலும் சிறுமியும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல

அதே 17-ஆம் பிரிவில் இன்னொரு விதிவிலக்கு இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், பணம் பெற்றுக்கொண்டு எடுக்கும் புகைப்படத்துக்கும், தீட்டும் வண்ண ஓவியத்துக்கும், உருவப்படத்துக்கும், மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர் ஆகிறார். திருமணப் புகைப்படத்தையும், வீட்டில் மாட்டுவதற்குத் தாத்தாவின் படத்தைத் தீட்டச் சொல்வதையும் மனத்தில் வைத்துப் படித்தால் இந்த விதி இயல்பாகத் தோன்றும். சிறுவர் நூல் ஓவியருக்கோ இது சிக்கலை உண்டாக்குகிறது. ஏனெனில் இங்கே உரிமை மாறுவதற்கு உங்கள் கையெழுத்து தேவையில்லை. சட்டமே அதைத் தொடக்கத்திலேயே அவர்களிடம் கொடுத்துவிடுகிறது.

உங்கள் நீர்வண்ணப் படங்கள் இந்த விதிக்குள் வரும் என்று பதிப்பகத்தின் வழக்கறிஞர் நிச்சயம் சொல்வார். அதற்கு இரண்டு பதில்கள் உள்ளன. கலைப் படைப்பு எது என்று வரையறுக்கும் இடத்தில் சட்டம் வண்ண ஓவியத்தையும் கோட்டுச் சித்திரத்தையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. விதிவிலக்கிலோ கோட்டுச் சித்திரம் இல்லை. ஆகவே பேனாவால் வரைந்த உள்பக்கப் படங்கள் இதற்கு வெளியே நிற்கின்றன என்று வாதிடலாம். அடுத்து, ‘தமிழ்ப் பதிப்பு, 3,000 பிரதிகள்’ என்ற அந்த மின்னஞ்சலே பயன்பாட்டின் எல்லையைக் குறித்த மாறான ஒப்பந்தம் என்று காட்டலாம். மின்னஞ்சல் வழியே ஏற்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்கிறது. நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் குறிப்பிட்ட அந்த ஒற்றை வரிதான் இந்தி பதிப்பு, மின்னூல் இரண்டையும் கேள்வி கேட்க உங்களுக்கு இருக்கும் சிறந்த ஆயுதம். ஆயினும் சிறுமியின் நீர்வண்ணப் படங்களைப் பொறுத்தவரை, இந்த வழக்கு உறுதியாக உங்கள் பக்கம் முடியும் என்று நான் சொல்லமாட்டேன்.

அணிலின் நிலை வேறு. அது யாரும் கேட்டு வந்ததல்ல. புத்தகத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, நீங்கள் விளம்பர நிறுவனத்தின் வேலையை விட்ட பிறகு, உங்களுக்காகவே நீங்கள் வரைந்தது. (வேலையில் இருந்தபோது அலுவல் நிமித்தம் வரைந்திருந்தால் அந்த நிறுவனத்தின் உரிமை பற்றிய கேள்வி எழுந்திருக்கும், இங்கே அந்தத் தொல்லை இல்லை.) பையில் அச்சாகியிருப்பது புத்தகத்தின் படம்தானே தவிர 2021-இல் வரைந்தது அல்ல என்று அவர்கள் சொல்லக்கூடும். புத்தகத்தில் உள்ள அணில் உங்கள் பழைய அணிலின் மறு உருவம் என்பதை இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்துக் காட்டினால், அந்த வாதம் பெரும்பாலும் வலுவிழந்துவிடும். புத்தகத்தில் பயன்படுத்த அனுமதித்ததால், பைகளுக்கும் பாட்டில்களுக்கும் அனுமதித்ததாக ஆகாது.

பை தயாரித்த நிறுவனம், தனக்கு எதுவும் தெரியாது, பதிப்பகம் தந்த படத்தைத்தான் அச்சிட்டோம் என்று சொல்லும். மீறல் என்று அறியாமல் செய்தவரிடமிருந்து இழப்பீடு பெறுவதைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆனால் தடையாணையும், அவர் ஈட்டிய லாபத்தில் நீதிமன்றம் நியாயம் என்று கருதும் பங்கும் கேட்கலாம். எழுத்தில் தெரிவித்த நாளுக்குப் பிறகு ‘தெரியாது’ என்ற சாக்கு நிற்காது. ஆகவே கடிதம் அனுப்பும்போது அந்த நிறுவனத்துக்கும் ஒரு படி போக வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. நீங்களே அணிலைத் துணிப்பைகளில் அச்சிட்டு விற்கத் திட்டமிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யத்தக்க வடிவமைப்பைப் பதிவு செய்யாமல், உரிமையாளரோ அவருடைய அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் ஐம்பது முறைக்கு மேல் பொருள்களில் உருவாக்கினால், அந்த வடிவமைப்பில் பதிப்புரிமை அற்றுப்போகும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. தனித்து நிற்கும் ஓவியம் எது, பொருளுக்கான வடிவமைப்பு எது என்பதை நீதிமன்றங்கள் ஒவ்வொரு வழக்கிலும் நுணுகிப் பிரித்துப் பார்க்கின்றன. பதிப்பகம் உங்கள் அனுமதியின்றி அச்சிட்டது இந்தக் கணக்கில் உங்களுக்கு எதிராக வராது. ஆனால் நீங்களாகப் பெரிய அளவில் அச்சிடத் தொடங்குமுன் இதைப் பற்றி மட்டும் தனியாக ஆலோசனை கேளுங்கள்.

பெயரும் நிறமும்

உங்கள் கடிதத்தில் பணத்தைப் பற்றி எழுதிய இடங்களைவிட, சிறுமியின் நிறத்தை மாற்றியதைப் பற்றி எழுதிய இடத்தில் அதிக வேதனை இருக்கிறது. அது நியாயமான வேதனை. நம் பிள்ளைகளில் பெரும்பாலோரின் நிறத்தில் ஒரு கதாநாயகியைப் பார்க்கக் கிடைப்பதே அரிதாக இருக்கும்போது, அவளையும் வெளுக்கச் செய்தது வெறும் அச்சுக்கூட விவகாரம் அல்ல.

சட்டத்தின் 57-ஆம் பிரிவு படைப்பாளிக்குத் தனியாக இரண்டு உரிமைகளைத் தருகிறது. இது தன் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஒன்று. தன் மதிப்புக்கோ பெயருக்கோ கேடு விளைவிக்கும் வகையில் படைப்பைத் திரித்தாலும் சிதைத்தாலும் மாற்றினாலும் அதைத் தடுக்கவும் இழப்பீடு கேட்கவும் உள்ள உரிமை மற்றொன்று. பதிப்புரிமை யாரிடம் இருந்தாலும் இவை படைப்பாளியை விட்டு நீங்குவதில்லை. ஆகவே சிறுமியின் படங்களுக்குப் பதிப்பகமே முதல் உரிமையாளர் என்று வைத்துக்கொண்டால்கூட, உங்கள் பெயரை நீக்கவும் நிறத்தை மாற்றவும் அதனால் மட்டும் அவர்களுக்கு அதிகாரம் வந்துவிடாது. டெல்லி விக்யான் பவனில் இருந்த தம் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசு பெயர்த்தெடுத்துச் சிதையவிட்டதற்கு எதிராகச் சிற்பி அமர்நாத் சேகல் தொடர்ந்த வழக்கில், பதிப்புரிமை அரசிடம் இருந்த நிலையிலும், டெல்லி உயர் நீதிமன்றம் 2005-இல் எஞ்சிய பாகங்களைச் சிற்பியிடமே திருப்பித் தரவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. ஒரு தனிக் கலைஞர் இந்திய அரசை எதிர்த்துப் பெற்ற தீர்ப்பு அது.

பெயரை நீக்கியது பற்றி வாதம் எளிது. நிறத்தை மாற்றியதில், அது உங்கள் மதிப்புக்குக் கேடு என்று நீங்கள் நிறுவ வேண்டும்; உங்கள் மனம் புண்பட்டது என்பது மட்டும் போதாது. முதல் அச்சு வந்தபோது ஆசிரியைகளும் பெற்றோரும் அந்தச் சிறுமியின் நிறத்தைப் பாராட்டி எழுதியதாகச் சொல்கிறீர்கள். அந்தச் செய்திகள் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். உங்கள் ஓவியத்தின் அடையாளமாக எது அறியப்பட்டிருந்தது என்பதற்கு அவையே சான்று.

மூல ஓவியங்களைப் பொறுத்தவரை, பதிப்புரிமையும் தாளின் உடைமையும் வெவ்வேறு. ஸ்கேன் செய்யக் கொடுத்த தாள்களை விற்றதாக உங்கள் மின்னஞ்சலில் எங்கும் இல்லை. ஆகவே பதிப்புரிமை பற்றிய சர்ச்சை முடியும் வரை காத்திராமல் அவற்றை இப்போதே திருப்பிக் கேளுங்கள்.

பதிவு, தபால் உறை, சான்று

பதிப்புரிமை வரைந்த கணத்திலேயே பிறந்துவிடுகிறது. பதிவு கட்டாயம் அல்ல. உங்கள் வாழ்நாள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். பதிவு செய்தால், பதிவேட்டில் உள்ள விவரங்களை நீதிமன்றம் முதல் நோக்கில் சான்றாக ஏற்கும். அந்த வசதிக்காக அணிலைப் பதிவு செய்துவிடுங்கள் என்பேன். விண்ணப்பத்தை இணையத்திலேயே அனுப்பலாம். கலைப் படைப்புக்கு 500 ரூபாய், பொருள்களில் பயன்படுத்தத்தக்கது என்றால் 2,000 ரூபாய் என்று 2013-ஆம் ஆண்டின் விதிகள் கட்டணம் வகுத்துள்ளன. இரண்டாவது வகைக்கு வணிகக் குறியீட்டுப் பதிவாளரின் சான்றிதழும் வேண்டும். அந்தச் சான்றிதழுக்கான தேடலிலேயே, பதிப்பகமோ பை நிறுவனமோ அணிலைத் தங்கள் வணிகக் குறியீடாகப் பதிய முயன்றிருக்கிறதா என்பதும் தெரியவரும். அப்படி ஒரு விண்ணப்பம் அரசின் இதழில் விளம்பரமாகியிருந்தால், விளம்பரத் தேதியிலிருந்து நான்கு மாதத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும்; அந்தக் கெடு தவறக் கூடாது.

தபால் உறைக்குச் சட்டத்தில் தனி மதிப்பு எதுவும் இல்லை. அதைவிடச் சிறந்த சான்றுகள் உங்களிடம் குவிந்திருக்கின்றன. 2021-இன் இன்ஸ்டாகிராம் பதிவுகள், தேதியிட்ட ஸ்கெட்ச் நோட்டு, லேயர் பிரிக்கப்பட்ட மூலக் கோப்புகள், முதல் மின்னஞ்சல், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றோடு, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்தப் பதினொரு மணித் திருத்தங்களும் சான்றுதான்; யார் என்ன கேட்டார், நீங்கள் என்ன வரைந்து அனுப்பினீர்கள் என்பதை நாள் நேரத்தோடு அவை சொல்கின்றன. வாட்ஸ்அப் உரையாடலை முழுமையாக ஏற்றுமதி செய்து வையுங்கள். மின்னணுப் பதிவைச் சான்றாகத் தாக்கல் செய்யப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். அதனால் அந்த உரையாடல் உள்ள கைப்பேசியை விற்கவோ மாற்றவோ வேண்டாம். கடையில் பையும் பாட்டிலும் ஒவ்வொன்று ரசீதோடு வாங்கி வையுங்கள்.

பாணி யாருடையது?

“உங்கள் பாணியிலேயே உருவாக்கிக்கொள்வோம்” என்ற பேச்சு உங்களைக் கலங்க வைத்திருக்கிறது. என் பாணி என் சொத்து அல்லவா என்று கேட்கிறீர்கள். அன்பின் வழியில் பார்த்தால் ஆம் என்று சொல்லத் தோன்றும். சட்டம் அப்படிச் சொல்வதில்லை. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்கே உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாக வகுத்தது. மெல்லிய கோடும் மங்கிய மஞ்சளும் யாருக்கும் தனியுடைமை ஆகா. ஆனால் செயலி தரும் படத்தில் உங்கள் அணிலே, அதன் முகமும் துணிப்பையும் நிற்கும் விதமுமாக, கணிசமான அளவில் திரும்ப வந்தால், அதை எந்தக் கருவியால் செய்தார்கள் என்பது பொருட்டல்ல. அது உங்கள் படைப்பின் மறு உருவாக்கம்தான். பிறர் படைப்புகளைக் கொண்டு செயலிகளைப் பயிற்றுவிக்கலாமா என்ற கேள்வி, 2024 நவம்பரில் ஒரு செய்தி நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடர்ந்த வழக்கில் எழுப்பப்பட்டது. அதைச் சட்டத்தின் போக்குக்கு விட்டுவிட்டு, உங்கள் ஒப்பந்தத்தில் மட்டும் இதற்கு ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வதே இன்றைய பாதுகாப்பு.

இனி என்ன செய்யலாம்

தோழிகள் சொல்வதுபோல் இன்ஸ்டாகிராமில் எழுதுவதை நான் முதல் அடியாகப் பரிந்துரைக்கமாட்டேன். ‘இது நான் 2021-இல் வரைந்த அணில்’ என்று உங்கள் படத்தைத் தேதியோடு வெளியிடுவதில் தவறில்லை. ‘திருடர்கள்’ என்று பெயர் சொல்லி எழுதினால் அவதூறு வழக்குக்கு வாசல் திறக்கும். மேலும், ஆதாரமின்றி வழக்குத் தொடர்வேன் என்று மிரட்டுபவருக்கு எதிராகவே வழக்குப் போடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு இடம் தருகிறது. இணையக் கடைகளில் அந்தப் பைகள் விற்கப்பட்டால் அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார் தரலாம். உரிய விவரங்களோடு புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் தளம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கின்றன பதிப்புரிமை விதிகள். ஆனால் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு பெறாவிட்டால் பொருள் மீண்டும் தளத்துக்கு வந்துவிடலாம். ஆகவே வழக்குக்குத் தயாரான பிறகே அந்த வழியில் இறங்குங்கள்.

கணவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. வழக்கு நேரத்தையும் மனத்தையும் தின்னும். பகலில் கிடைக்கும் அந்தச் சில மணி நேரமே உங்கள் பிழைப்பு என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் விட்டுவிடுவதற்கும் வழக்குக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. அவர்களுக்கு அடுத்த இரண்டு நூல்களுக்கு நீங்கள் தேவைப்படுகிறீர்கள். கையெழுத்திடாத அந்த ஒப்பந்தமே இப்போது உங்களுக்குள்ள பேச்சு வலிமை. எனவே முதலில், கோபமில்லாத, ஆனால் தெளிவான ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் நீங்களே அனுப்புங்கள். அடுத்த அச்சில் பெயரும் சிறுமியின் பழைய நிறமும் திரும்ப வேண்டும். விற்காத பிரதிகளில் பெயர் அச்சிட்ட ஒட்டுத்தாளாவது சேர வேண்டும். இந்திப் பதிப்புக்கும் மின்னூலுக்கும் தனி ஒப்பந்தமும் தொகையும் வேண்டும். பை, பாட்டில் விற்பனைக் கணக்கைக் காட்டி அதில் ராயல்டி தர வேண்டும், இல்லையேல் விற்பனையை நிறுத்த வேண்டும். மூல ஓவியங்கள் திரும்ப வேண்டும். இவற்றில் எதை விட்டுக்கொடுப்பீர்கள், எதை எந்நிலையிலும் விடமாட்டீர்கள் என்பதைக் கடிதம் எழுதுமுன் நீங்கள் தீர்மானித்துக்கொள்ளுங்கள். உங்கள் எழுத்தைப் படித்தவரை, பெயரும் நிறமும் விடமாட்டாதவை என்று தோன்றுகிறது. இடையில் அவர்கள் ஒரு தொகை அனுப்பினால், ‘முழுத் தீர்வாக’ என்ற சொல் அதோடு வருகிறதா என்று பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள்.

பதில் வராவிட்டால் வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு. அதற்கும் அசையாவிட்டால் வழக்கு. அதற்காக நீங்கள் வெளியூருக்கு அலைய வேண்டியதில்லை. பதிப்புரிமை வழக்கைப் படைப்பாளி தான் வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடர 62-ஆம் பிரிவு வழி செய்கிறது. மீறல் நடந்ததிலிருந்து மூன்று ஆண்டு என்ற காலவரம்பை மட்டும் மனத்தில் வையுங்கள். 2025-இல் நடந்தவற்றுக்கு இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் பேச்சுவார்த்தையிலேயே அதைக் கழித்துவிடக் கூடாது. கிரிமினல் புகாருக்கும் சட்டத்தில் இடமுண்டு. சிறுமியின் படங்களில் உரிமையே சர்ச்சைக்குரியதாக இருக்கும் நிலையில் அந்த வழியை நான் விரும்பவில்லை.

புதிய ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியவை

முதலில், ஒன்பதாவது பத்தி முழுவதும் நீங்க வேண்டும்.

‘உலகெங்கும், எல்லா ஊடகங்களிலும், என்றென்றைக்கும்’ என்ற வரிக்குப் பதிலாக, எந்த மொழி, எத்தனை ஆண்டு, அச்சா மின்னூலா என்று எண்ணிச் சொல்லும் உரிமம் இருக்கட்டும். பொருள்களில் அச்சிடுவதும், திரைக்குக் கொண்டுபோவதும் உங்களிடமே இருக்க வேண்டும்; தேவைப்படும்போது தனியாகப் பேசிக்கொள்ளலாம். முன்பு சொன்ன வண்ண ஓவிய விதிவிலக்கு எழுதப்படாத இடத்தில்தான் புகும் என்பதால், ‘ஓவியங்களின் முதல் உரிமையாளர் ஓவியரே’ என்ற ஒரு வரியை வற்புறுத்திக் கேளுங்கள். இந்த ஒரு வரி கிடைப்பதற்காகத் தொகையில் சிறிது விட்டுக்கொடுத்தாலும் நஷ்டம் இல்லை என்பது என் கருத்து.

பெயர் அட்டையிலும் உள்ளே உரிமைப் பக்கத்திலும், எல்லாப் பதிப்புகளிலும் வர வேண்டும். கோட்டு வரைவுக்கு ஒப்புதல் தந்த பிறகு இரண்டு சுற்றுத் திருத்தம், அதற்கு மேல் தனிக் கட்டணம் என்று எழுதுங்கள். இரவு நேரச் செய்திகள் அதன் பிறகு தாமாகவே குறையும். பாதியில் திட்டம் கைவிடப்பட்டால் அதுவரை செய்த வேலைக்குரிய தொகை, மூல ஓவியங்கள் திரும்பும் தேதி, செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கு உங்கள் படங்களைத் தரக் கூடாது என்ற தடை ஆகியவையும் வேண்டும். எந்தச் சட்டச் சிக்கல் வந்தாலும் முழு இழப்பையும் ஓவியரே ஏற்க வேண்டும் என்று அவர்கள் எழுதியிருக்கும் பத்தியை, நீங்கள் பெறும் தொகையை மிஞ்சாத பொறுப்பாகச் சுருக்கச் சொல்லுங்கள்.

ஏழு மாதத் தாமதம் மீண்டும் நேராதிருக்க, வேலையை ஏற்பதற்கு முன்பே உங்கள் தொழிலை மத்திய அரசின் உத்யம் இணையத் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் உங்களுக்குப் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாகச் சேரும். அதற்கென உள்ள மன்றத்தில் முறையிடலாம். பதிவுக்கு முன் செய்த பழைய வேலைக்கு இதைக் கோருவது கடினம், ஆகவே அந்த வட்டியை நினைத்து நேரத்தைச் செலவிட வேண்டாம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பெண் என்ற ஒரே தகுதியில், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், உங்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை இருக்கிறது. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். போகும்போது முதல் மின்னஞ்சலின் அச்சுப் படி, முதல் அச்சும் மறு அச்சும் ஒவ்வொரு பிரதி, ரசீதோடு வாங்கிய பை, 2021-இன் ஸ்கெட்ச் நோட்டு, கையெழுத்திடாத ஒப்பந்தம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பதிப்பகத்துக்கு அனுப்பும் கடிதத்தின் வரைவை நீங்களே உங்கள் சொற்களில் எழுதிக்கொண்டு போங்கள்; அங்கே நியமிக்கப்படும் வழக்கறிஞர் அதைத் திருத்தித் தருவார்.